"பார்வையிடல்" என்றால் வாசலோடு சரி: ஸ்வீடன் பஸ் டூரில் ஏமாந்த கதை

ஸ்டாக்ஹோமிலிருந்து இரண்டு நாள் பஸ் டூர். பழைய இரும்பாலை, ஃபாலுன் செப்புச் சுரங்கம், எழுத்தாளர் செல்மா லாகர்லோஃப் வாழ்ந்த வீடு எல்லாம் "பார்வையிடல்" என்று போட்டிருந்தார்கள். தலைக்கு 3,900 குரோனர், ஓட்டல் உட்பட. நானும் மனைவியும் ஆசையாகக் கட்டினோம்.

முதல் இடம் எங்கெல்ஸ்பெர்க். 1919-இல் மூடிய இரும்பாலை, 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஊது உலைக் கட்டடத்துக்குள் போகலாம் என்று நினைத்திருந்தோம். கொடுத்தது இருபது நிமிடம், அதில் பாதி கழிப்பறை வரிசையிலேயே போய்விட்டது.

ஃபாலுனில்தான் வயிறு எரிந்தது. அங்கே தலைக்கவசமும் மழையங்கியும் போட்டுக்கொண்டு வழிகாட்டியோடு சுமார் 67 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். உள்ளே கோடையிலும் ஐந்தாறு டிகிரிதான் இருக்கும் என்று படித்துவிட்டு, ஜூலை மாதத்தில் ஸ்வெட்டரைச் சுமந்து போயிருந்தோம். எங்கள் வழிகாட்டியோ பெரும்பள்ளத்தின் கம்பி வேலி ஓரம் நிறுத்தி, "போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். 1687-இல் சுரங்கம் இடிந்து விழுந்து உண்டான பள்ளம் அது. நடுக்கோடை விடுமுறை நாளாக இருந்ததால் உள்ளே ஆளில்லை, ஒரு உயிர்கூடப் போகவில்லை. இதையும் நான்தான் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னேன். சுரங்கத்துக்குள் எப்போது போவோம் என்று கேட்டால், அது "விருப்பத் தேர்வு", தனி டிக்கெட்டாம். சரி, வாங்கிக்கொள்கிறோம் என்றால் அன்றைக்கு இடமில்லை. வேறொரு குழு சேறு படிந்த செருப்போடு மேலே ஏறி வந்தது. கையில் ஸ்வெட்டரோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டு வழியே ஓடி, வேர்ம்லாந்து மாகாணத்தில் மோர்பக்கா, செல்மா லாகர்லோஃப் வீடு. 1909-இல் இலக்கிய நோபல் வாங்கிய முதல் பெண், கடனில் கைவிட்டுப்போன பிறந்த வீட்டைத் தன் சம்பாத்தியத்தில் மீட்ட இடம். பஸ்ஸில் எங்கள் வழிகாட்டி, பிப்பி என்ற சிறுமியைப் பற்றிய குழந்தைக் கதையை எழுதியவரும் அவர்தான் என்றார்! அது ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் என்று பின் இருக்கையிலிருந்த ஒரு பாட்டி திருத்தினார். வீட்டுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அன்றைய கடைசிச் சுற்று தொடங்கிவிட்டது. டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், குழுவாக வருவதானால் முன்பதிவு செய்திருக்க வேண்டுமே என்று எங்களுக்காக வருத்தப்பட்டார். தோட்டத்தில் காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "பார்வையிடல் என்றுதான் எழுதியிருந்தோம், நுழைவு என்று எழுதவில்லை" என்று பதில் வந்தது. 200 குரோனர் கூப்பன் தருகிறார்களாம், அவர்களுடைய அடுத்த டூருக்கு!

இதுபோன்ற டூருக்குப் பணம் கட்டும் முன், உள்ளே நுழைய டிக்கெட் உண்டா, எத்தனை மணிச் சுற்றுக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது. குறை இருந்தால் அங்கேயே, அப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நான் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் எழுதினேன், அது என் தப்பு. நிறுவனம் மறுத்தால் ஸ்வீடனில் ஆ.ரெ.என். என்ற நுகர்வோர் புகார் வாரியம் இருக்கிறது. ஆனால் அதன் முடிவு பரிந்துரைதான், நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது. விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் நாங்களே ரயிலில் ஃபாலுன் போகிறோம். சுரங்க டிக்கெட் வாங்கியாகிவிட்டது, ஸ்வெட்டர் இன்னும் பையிலேயேதான் இருக்கிறது.