அப்பத்தா சிரிப்புக்கு எந்த இங்கிலீஷ்?

ஐயாவின் சதாபிஷேக ஆல்பத்தில் ஒரு படம். காரைக்குடி வீட்டு வளவில் தூணில் சாய்ந்தபடி அப்பத்தா. எதிரே பல்லாங்குழி, மூடிய கைக்குள் சோழி, பொக்கை வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. அமெரிக்காவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காக அடியில் இங்கிலீஷில் ஒரு வரி வேண்டும். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

சித்தப்பா சொன்னது 'ஹோம்லி ஸ்மைல்'. மணமகள் தேவை விளம்பரத்தில் ஊறிய சொல், நமக்குக் குடும்பப்பாங்கு. அமெரிக்கர் காதில் அது 'பார்க்கச் சுமார்தான்' என்று விழும். வம்பே வேண்டாம்.

தங்கை கொண்டுவந்தது 'ஸ்மிர்க்'. போனில் அப்படி ஒரு பொம்மை முகம் இருக்கிறதே, அதைப் பார்த்துக் குறும்பு என்று நினைத்துவிட்டாள். அதில் இருப்பது மிதப்பு. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று உதட்டின் ஓரத்தை மட்டும் தூக்குகிற சிரிப்பு. இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு வெறுமனே புன்னகைப்பது என்றுதான் பொருள். 'ஸ்மைல்' அதற்குப் பிறகு வந்த சொல். நல்ல பெயரெல்லாம் அதற்குப் போய்விட்டது.

தம்பி ஒரு வாக்கியமே எழுதிவிட்டான்: 'அப்பத்தா லாஃப்டு அட் அஸ்.' எங்களைப் பார்த்துச் சிரித்தாள் என்பதைத்தான் எழுதியிருக்கிறான், பாவம். ஆனால் அதற்கு எங்களைக் கேலி செய்தாள் என்று அர்த்தமாகிவிடும். 'ஸ்மைல்டு அட் அஸ்' என்றால் கேலி இல்லை. பின்னால் வரும் 'அட்' இரண்டிலும் ஒன்றுதான். நாம் சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் சிரிப்பு என்றே சொல்லிப் பழகியவர்கள், இங்கேதான் வழுக்குகிறோம்.

மிஞ்சியது மூன்று. 'வார்ம் ஸ்மைல்' என்று போட்டால் தப்பே வராது. கடன் கொடுக்கும் பேங்க் மேனேஜருக்கும் அது பொருந்தும் என்பதுதான் அதன் குறை. 'பீமிங்' அழகான சொல், முகமே விளக்குப் போட்டதுபோல் இருப்பது. பேரன் பட்டம் வாங்கும்போது ஐயா முகத்துக்கு அதைக் கொடுக்கலாம். இந்தப் படத்தில் அப்பத்தா பூரிக்கவில்லை, பேத்தியின் சோழியை அமுக்கியிருக்கிறாள்.

அதனால் என் ஓட்டு 'கிரின்'னுக்கு. ஒரு காலத்தில் வலியிலோ கோபத்திலோ பல்லைக் காட்டுவதைச் சொன்ன சொல், இன்று வாய்கொள்ளாச் சிரிப்புக்கு வந்து நிற்கிறது. பல் இல்லாத வாய்க்கும் ஆகும். கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் 'டூத்லெஸ் கிரின்' என்று அவர்களே சாதாரணமாகச் சொல்வார்கள். பொக்கைவாய்ச் சிரிப்புக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

அத்தை விடவில்லை. “பல்லு போனதை அச்சடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பணுமாக்கும்?”

சரி என்று 'மிஸ்சிவஸ் கிரின்' என்று மாற்றினோம். அர்த்தம் கேட்ட அப்பத்தாவிடம், “திருட்டுச் சிரிப்புன்னு வச்சுக்கங்களேன்” என்றேன்.

“நான் சோழி எடுத்ததை எவன்டா பாத்தான்?”