ராட்சதப் பூசணியா, சதுரத் தர்பூசணியா, கோணல் கேரட்டா?

ஆளைவிடப் பெரிய பூசணி, கனசதுரமான தர்பூசணி, இரண்டு கால் முளைத்த கேரட். இவற்றின் படங்களில் எதைப் பார்த்தாலும் நம் வாயில் வருவது ஒரே "அடேங்கப்பா"தான். ஆனால் மூன்றும் மூன்று வேறு சமாச்சாரம். பூசணியைப் பெருக்க வைத்தது விதை. தர்பூசணியைச் சதுரமாக்கியது பெட்டி. கேரட்டைப் பிளந்தது பெரும்பாலும் மண்ணில் கிடந்த ஒரு கல். எது உசத்தி என்று கேட்பதற்கு முன், யார் வேலை செய்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

மஞ்சள் பூசணிதான் இதில் பெரிய கதை. எடைப் போட்டிகளில் வெல்பவை ஏறக்குறைய எல்லாமே 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற ரகத்தின் வாரிசுகள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்ட்சர் என்ற ஊரைச் சேர்ந்த ஹோவர்டு டில், பல ஆண்டுகள் விதை பொறுக்கி, இனம் சேர்த்து உருவாக்கியது அது. அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வில்லியம் வார்னாக் வைத்த 403 பவுண்டு (சுமார் 183 கிலோ) பூசணியின் சாதனை எழுபது ஆண்டுகளுக்கு மேல் அசையவே இல்லை. டில்லின் விதைகள் பரவிய பிறகு கதை மாறியது. 1996இல் ஆயிரம் பவுண்டைத் தாண்டினார்கள். 2012இல் இரண்டாயிரம் பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் வளர்த்தது 1,054 கிலோ. 2023இல் கலிஃபோர்னியாவின் ஹாஃப் மூன் பே போட்டியில் டிராவிஸ் கீங்கர் இறக்கிய காய் 1,247 கிலோ.

இந்த ரகத்தின் இலைகள் மற்றவற்றைவிட வேகமாக உணவு தயாரிக்கின்றன என்று தோன்றலாம். அப்படியில்லை. ஆராய்ந்து பார்த்ததில், இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுபோகும் ஃபுளோயம் திசு இவற்றில் அதிகம் என்று தெரியவந்தது. சமையல்காரர் அதே ஆள்தான், பரிமாறுகிறவர்கள்தான் கூடிவிட்டார்கள்.

விதை மட்டும் போதாது. பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். கொடியில் ஒரே ஒரு பிஞ்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளியெறிய வேண்டும். கணுக்களை மண்ணில் புதைத்து அங்கங்கே வேர்விடச் செய்ய வேண்டும், வெயிலில் தோல் முற்றி இறுகாமல் நிழல் கட்ட வேண்டும். உச்ச வளர்ச்சியில் காய் ஒரே நாளில் 20 கிலோ ஏறும். அப்போது காம்பை ஒட்டிப் புடைக்கும் காயின் தோளே காம்பை நெம்பிக் கிழித்துவிடுவதுண்டு. வெடிப்பு உட்குழிவரை போய்விட்டால், அத்தனை மாத உழைப்பும் போட்டியில் செல்லாது. இவ்வளவு செய்தும் அழகான உருண்டை கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. தன் எடையே தன்னை அழுத்த, காய் தரையோடு அமர்ந்து ஒருபக்கம் சரிந்த மூட்டையாகிவிடும். பெருத்ததும் கடைசியில் கோணல்தான்.

சதுரத் தர்பூசணி பற்றிச் சொல்ல இவ்வளவு இல்லை. ஜப்பானில் 1970களின் கடைசியில் டோமோயுகி ஓனோ என்ற வடிவமைப்பாளர் கொண்டுவந்த யோசனை. ககாவா மாகாணத்தின் ஸென்ட்சூஜி நகரம் இன்று அதற்குப் பேர்பெற்றது. பிஞ்சாக இருக்கும்போதே பெட்டிக்குள் வைத்தால், காய் பருத்துச் சுவர்களில் முட்டி அந்த வடிவத்துக்கு வந்துவிடும். குளிர்பெட்டியில் உருளாமல் அடங்கும் என்பது ஆரம்பகால வாதம். நடப்பில், பழுக்குமுன்பே பறித்துவிடுவதால் அதில் இனிப்பு இல்லை. மாதக்கணக்கில் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். பார்க்க மட்டும் ஒரு பழம்!

அச்சில் அடைப்பது புதிதும் அல்ல. நீராவி ரயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன், தன் தோட்டத்து வெள்ளரி வளைகிறதே என்று கண்ணாடிக் குழாய் செய்வித்து அதற்குள் நேராக வளர்த்தார். அவருக்காவது வெள்ளரி தின்னக் கிடைத்தது.

இனி கோணல். கேரட்டின் வேர்நுனி கல்லிலோ இறுகிய மண்ணிலோ முட்டிச் சேதமானால் பக்கவேர்கள் தடித்துக் கால்களாகும். நாற்றாக எடுத்து நட்டாலும் இதே கதிதான். வெள்ளரி வளைவதற்கு மகரந்தச் சேர்க்கைக் குறையும் தண்ணீர்த் தட்டுப்பாடும் காரணமாகலாம். ஸ்ட்ராபெர்ரியின் மேல் விதைபோலத் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனிக் கனி. மகரந்தம் சேராத இடத்தில் சதை பெருக்காது, பழம் ஒருபக்கம் சூம்பிவிடும். ஆக, கோணலைப் பார்த்தால் அந்தச் செடி பட்ட பாட்டை ஓரளவு ஊகித்துவிடலாம். எல்லாக் கோணலும் அப்பாவி என்று நினைக்க வேண்டாம். வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவின் வேலையாக இருக்கலாம்.

இதற்குச் சட்டமே போட்டது ஐரோப்பா. 1988இன் விதிப்படி, உயர்தர வெள்ளரி 10 செ.மீ. நீளத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் வளையக்கூடாது. கேலிக்கு ஆளான விதிதான், ஆனால் நேரான காயைப் பெட்டியில் அடுக்குவதும் எண்ணுவதும் சுலபம் என்ற கணக்கு அதில் உண்டு. 2009 ஜூலையில் 26 வகைக் காய்கனிகளுக்கு இந்த மாதிரி விதிகளை விலக்கினார்கள். ஆப்பிள், தக்காளி உட்பட 10 வகைகளுக்கு விலக்குத் தரவில்லை.

ருசியில் போட்டியே இல்லை. ராட்சதப் பூசணி நீர்த்து, நார்பிடித்துக் கிடக்கும். வின்ட்சரில் 1999இல் அதைக் குடைந்து படகாக்கித் துடுப்புப் போடத் தொடங்கினார்கள், அது ஒன்றும் மோசமான உபயோகம் அல்ல. கோணல் கேரட்டில் காலிடுக்கு மண்ணைக் கழுவத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும், சுவை நேரான கேரட்டுடையதே. விதையில் நிலைமை தலைகீழ். பூசணியின் பருமன் அடுத்த தலைமுறைக்குப் போகும், அதனால்தான் வென்ற காயின் விதைக்கு அத்தனை கிராக்கி. சதுரப் பழத்தின் விதையில் உருண்டைதான் காய்க்கும். கல்லில் முட்டிய கேரட்டின் விதையும் நல்ல மண்ணில் நேராகவே இறங்கும். விரல் விரலாகப் பிரிந்த 'புத்தர் கை' நாரத்தை போன்றவை வேறு கணக்கு, அவற்றின் வடிவம் மரபிலேயே இருக்கிறது.

என் தீர்ப்பு: சாப்பிடக் கோணல், சவாலுக்கு ராட்சதம். ஆனால் ராட்சதத்துக்கு ஒரு கொடிக்கே 80 சதுர மீட்டர் ஒதுக்க இடம் வேண்டும். இடமில்லாதவர் அச்சுப் பக்கம் போகலாம், தர்பூசணியை விட்டுவிட்டு வெள்ளரியில். நட்சத்திர வடிவக் குழாயைப் பிஞ்சிலேயே மாட்டினால், நறுக்கும் துண்டெல்லாம் நட்சத்திரமாக விழும், இளசாகவே தின்பதால் ருசியும் கெடாது. உள்ளே நிரம்பியதும் தாமதிக்காமல் பறித்துவிடுங்கள், மெல்லிய அச்சாக இருந்தால் காய் அதையே பிளந்துவிடும்.