கடைசியில் சோதிப்பதா, அங்கேயே நிறுத்துவதா?

பழுதைப் பிடிக்க ஆலைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லாம் முடிந்தபின் சோதித்துப் பழுதானதை ஒதுக்குவது ஒன்று; பழுது கண்ணில் பட்ட இடத்திலேயே உற்பத்தி வரிசையை, அதாவது லைனை, நிறுத்துவது மற்றொன்று. இரண்டாவதன் வேர் நெசவில் இருக்கிறது. ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சாகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கி முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானே நின்றுவிடும். அந்த எண்ணமே பின்னாளில் டொயோட்டா கார் ஆலைகளில் சிக்கலைக் கண்டதும் தொழிலாளி இழுக்கும் ‘ஆண்டான்’ (andon) என்ற எச்சரிக்கைக் கயிறானது. இழுத்தவுடனே லைன் நின்றுவிடாது. அந்த வேலைக் கட்டம் முடிவதற்குள் சிக்கல் தீராவிட்டால்தான் நிற்கும்.

துளையிடும் முனை ஒன்று தேய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். துளையின் விளிம்பில் விரலை வைத்தால் பிசிறு உறுத்துகிறது. கடைசிச் சோதனையில் இது தெரியவரும்போது, அதே பிசிறோடு நூற்றுக்கணக்கான பாகங்கள் கடந்து போயிருக்கும். எந்த ஷிப்டில், எந்தத் துண்டிலிருந்து தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கழிவுப் பெட்டி நிறையும்; ஆலைக்கு அறிவு சேராது. கயிற்றை இழுத்தாலோ, முனையின் சூடு ஆறுவதற்குள் மேற்பார்வையாளர் வந்து நிற்கிறார். ஏன் தேய்ந்தது என்று இருவரும் பார்க்கிறார்கள். எத்தனை துளைக்கு ஒருமுறை முனையை மாற்ற வேண்டும் என்பது வேலைமுறைத் தாளில் ஏறுகிறது. அடுத்த ஷிப்டில் வருபவருக்கும் அது கிடைக்கிறது.

என் மனம் இந்தப் பக்கம்தான். தொடக்கத்தில் உற்பத்தி எண்ணிக்கை குறையும். அதைப் பொறுக்காமல் கயிற்றை இழுத்தவரையே திட்டினால், மறுநாள் முதல் யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் கசிவு, அழுத்தம் போன்றவற்றைப் பொருள் முழுமையான பிறகுதான் பார்க்க முடியும். அங்கே கடைசிச் சோதனையைக் கைவிடவே கூடாது.