பச்சை பெல்ட்டும் தனிக் கணக்கும்: ஒரு குமுளிக் கடைக்காரரின் அனுபவம்

குமுளியில் சின்ன மளிகைக் கடை நடத்துகிறேன். பூண்டுக்கு வடுகபட்டி, காய்கறிக்குக் கம்பம், மற்றதுக்குத் தேனி. மலை இறங்கும்போது மடியில் பணம், ஏறும்போது சரக்கு. பல வருஷமாக இந்தப் பணத்துக்குக் காவல் ரெண்டே பொருள்தான்: பச்சை பெல்ட், கொஞ்சமாகப் பணம் போட்டு வைத்த தனி வங்கிக் கணக்கு.

மலபார் பக்கத்து ஆட்கள் கைலிக்கு மேல் கட்டுவார்களே, அந்த அகல பெல்ட்தான். பட்டன் வைத்த அறைகள் இருக்கும். சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. சபரிமலை சீசனில் குமுளி பஸ் ஸ்டாண்டில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நெரிசலில் சட்டைப் பையும் பின் பாக்கெட்டும் ஊருக்குப் பொது. "அண்ணே, உங்க பத்து ரூபா கீழ கிடக்கு" என்று ஒருத்தன் சொல்வான். குனிந்தால் இன்னொருத்தன் வேலையை முடித்துவிடுவான். பெல்ட்டில் கை வைத்தால் வயிற்றிலேயே தெரிந்துவிடும். அதற்காகவே அதற்கு முழு மார்க்.

குறை இல்லாமல் இல்லை. மேலே குளிர், லோயர் கேம்ப் தாண்டிக் கூடலூர் வந்ததும் வெயில் பிடித்துக்கொள்ளும். வியர்வையில் நோட்டு நமுத்துப் போகும். பால் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் நோட்டை மடித்து வைக்கிறேன். அப்புறம் அந்த பட்டன்கள். பெல்ட் நன்றாக இருக்கும்போதே அவை துருப்பிடித்துவிடும். தையல்காரர் சொல்லி வெல்க்ரோ போட்டுப் பார்த்தேன். பிரித்தால் 'டர்ர்' என்று சத்தம், கடைத்தெருவே திரும்பிப் பார்க்கிறது! மறுபடியும் பட்டனுக்கே வந்துவிட்டேன். பேண்ட் போடுகிறவர்களுக்கு இந்த பெல்ட் சரிப்படாது.

எந்த பெல்ட்டாக இருந்தாலும் வழியில் திறக்கக் கூடாது. டீ, டிக்கெட் செலவுக்குச் சட்டைப் பையில் சில்லறை வைத்துக்கொள்கிறேன். பெல்ட் திறப்பது மண்டிக்காரர் மேஜை முன்னால் மட்டும்தான்.

இப்போது எல்லாம் போன்தானே என்பீர்கள். சரிதான், பாதிப் பணம் யுபிஐயில்தான் போகிறது. ஆனால் மலைப்பாதையில் சிக்னல் வரும், போகும். கடை வரவு சேரும் கணக்கை நான் போனில் இணைக்கவே இல்லை. போகும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் தனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்வேன். சின்னத் தொகைக்கென்று போனில் தனியாக நிரப்பி வைக்கும் யுபிஐ லைட்டில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய பின் நம்பர் கேட்காமல் போகும், மொத்தம் 5,000 வரை வைக்கலாம். வசதிதான், ஆனால் போன் தொலைந்தால் கிடைத்தவனுக்கும் அதே வசதி. நான் சில நூறுக்கு மேல் வைப்பதில்லை. ஏடிஎம் கார்டில் ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பிலேயே அணைத்து வைத்திருக்கிறேன். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கும் சொல்ல வேண்டும். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி விதி செய்தது.

எல்லைக்காரர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி, தேர்தல். 2021-இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமும் சோதனை, அந்தப் பக்கமும் சோதனை. 50,000 ரூபாய்க்கு மேல் கணக்குக் காட்ட முடியாமல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை எடுத்துவிடும். திருடனிடம் ஒளிக்கிற பெல்ட்டை அதிகாரியிடம் ஒளித்தால் சந்தேகம்தான் கூடும். "சார், பெல்ட்டில் இருக்கு, பூண்டு வாங்கப் போறேன்" என்று நானே சொல்லி, பாஸ்புக்கையும் பழைய கொள்முதல் பில்லையும் நீட்டிவிடுவேன். ஏடிஎம் சீட்டை மட்டும் நம்பாதீர்கள், அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். கவுண்டரில் பணம் எடுத்து, பாஸ்புக்கில் அன்றே பதிவு போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.