செமியோனா, சோவின்யோன் பிளாங்கா: கலவையில் எது தூக்கல்?

வீட்டில் கலந்த வெள்ளை ஒயினை ஊற்றிக் கொடுத்து, "என்னென்ன திராட்சை, சொல்லுங்கள்" என்று கேட்டால், நான் முதலில் நினைப்பது பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஜோடியைத்தான்: செமியோன், சோவின்யோன் பிளாங்க் என்ற இரண்டு வெள்ளைத் திராட்சைகள். இந்த இரண்டையும் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம்.

சோவின்யோன் பிளாங்க் மூக்கிலேயே பிடிபட்டுவிடும். அறுத்த புல், பச்சைக் குடைமிளகாய் வாசனை. குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசின் வகைச் சேர்மம் இந்தத் திராட்சையிலும் உண்டு, அதனால் இது வெறும் உவமை இல்லை. பழம் வெயிலில் நன்றாகப் பழுத்திருந்தால் பச்சை வாசனை குறைந்து, பம்ளிமாஸ் மணம் மேலே வரும். வாயில் சுரீரென்று புளிப்பு.

செமியோன் அப்படிக் கூவி அழைக்காது. அதை நாக்கில்தான் தேட வேண்டும்: புளிப்பு மட்டு, கனம் கூடுதல், மெழுகு தடவியதுபோல் ஒரு வழவழப்பு. பாட்டிலில் பல ஆண்டுகள் கிடந்தால் தேனும் வறுத்த ரொட்டியும் மணக்கும். ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் ஓக் பீப்பாயைத் தொடாத செமியோனிலேயே இந்த மணம் வருகிறது. ஓக் பீப்பாயில் ஊறியதால் வந்த மணம் என்று ஏமாந்துவிடாதீர்கள். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

சிக்கல் விகிதத்தில்தான். சோவின்யோன் கொஞ்சம் இருந்தாலே மூக்கை ஆக்கிரமித்துவிடும். பாதிக்கு மேல் அதுதான் என்று தோன்றும். அதனால் பெயரை மூக்கிடம் கேளுங்கள், அளவை நாக்கிடம். அப்புறம், ரொம்பக் குளிர்ந்திருந்தால் மணம் அடங்கிவிடும், சற்று நேரம் வெளியே வையுங்கள். இரண்டையும் தனித்தனியாக வாங்கி 80:20, 50:50 என்று நீங்களே கலந்து பழகினால் கணிப்பு சீக்கிரம் கைவரும்.