பேஸ்டலா, இருட்டா, மண்நிறமா, சாம்பலா: ஒரே பக்கத்துக்கு நான்கு பூச்சு

டிசம்பர் வந்தால், நிறங்களுக்குத் தரநிலை வகுக்கும் பான்டோன் நிறுவனம் அடுத்த ஆண்டின் நிறம் இதுதான் என்று ஒன்றை அறிவிக்கும், இரண்டே வாரத்தில் யாராவது ஒரு கிளையண்ட் அதன் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பி "நம்ம சைட்டையும் இப்படி மாத்திடலாமா?" என்று கேட்பார். ஆசையில் தப்பில்லை. ஆனால் துணியில் அழகாக இருக்கிற நிறம் 16 பிக்சல் எழுத்தைத் தாங்குமா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதனால் ஒரு லாகின் பக்கத்தை (தலைப்பு, இரண்டு பெட்டி, ஒரு பட்டன், அப்புறம் "கடவுச்சொல் தவறு" என்று சிவப்பில் ஒரு வரி) இப்போது அதிகம் புழங்கும் நான்கு பாணிகளில் பூசிப் பார்த்தேன்.

பார்த்தவுடன் பிடித்துப்போவது பேஸ்டல் என்கிற வெளிர்நிறம்தான். பார்க்க மட்டும். பான்டோனின் 2024 நிறமான பீச் ஃபஸ் மேல் வெள்ளை எழுத்தை வைத்து அளந்தால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஏறக்குறைய 1.6 வருகிறது. இணையப் பக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிப்படி சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும். வெள்ளையில் கறுப்பு 21, அதற்கு மேல் கிடையாது. சரி, வெள்ளையை விட்டுவிட்டு அடர்நிறத்தில் எழுதினால் எழுத்து தப்பித்துவிடும், ஆனால் பட்டன் தப்பிக்காது. ஒரு பதிவுப் படிவத்தில் வெளிர் லாவெண்டரில் பட்டன் வைத்திருந்தேன். சோதித்துப் பார்த்தவர் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, "பட்டன் இன்னும் ஆக்டிவ் ஆகலையே" என்று காத்துக்கொண்டிருந்தார். அது முதலிலிருந்தே ஆக்டிவாகத்தான் இருந்தது! பெட்டிகளின் ஓரக்கோடும் இதே கதைதான், வெயிலில் போனைப் பிடித்தால் கோடு கரைந்துபோய் எங்கே தட்டுவது என்றே தெரியாது. கோட்டுக்கும் 3 வேண்டும் என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 சேர்த்தது சும்மா இல்லை.

இருட்டுப் பின்னணியில் நியான் இதற்கு நேர் எதிர். 2019-இல் ஐஓஎஸ் 13, ஆண்ட்ராய்டு 10 இரண்டிலும் டார்க் மோட் வந்த பிறகு இது வெறும் ஃபேஷன் என்று ஒதுக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டது. நியான் பச்சை பட்டனைத் தேடவே வேண்டாம், அது நம்மைத் தேடி வரும். தொல்லை மறுபக்கம்: சுத்தக் கறுப்பில் சுத்த வெள்ளை எழுத்து, அஸ்டிக்மேட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) உள்ள பலருக்கு ஓரத்தில் ஒளி கசிந்தது போலத் தெரியும். தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்வதையும் நான் இங்கேதான் அதிகம் கவனித்தேன். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைன் கறுப்புக்குப் பதில் #121212 என்ற நிறக் குறியீடு கொண்ட கருஞ்சாம்பலைச் சொல்கிறது, அதில் அடுக்குகளும் நிழலும் பிரிந்து தெரியும், எழுத்தும் அவ்வளவு குத்தாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் சுத்தக் கறுப்பு என்றால் அந்தப் புள்ளிகள் அணைந்தே போகும், பேட்டரி மிச்சம், வாஸ்தவம்தான். நான் கண்ணின் கட்சி. இன்னொன்று, பளிச்சென்று இருக்கிற எல்லா நிறமும் இருட்டில் பளிச்சிடாது. தூய நீலம் கறுப்பின் மேல் 2.4 மட்டுமே, "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" லிங்க்கை அந்த நீலத்தில் வைத்தால் அதையும் சேர்த்து மறந்துவிட வேண்டியதுதான்.

மண்நிறங்கள், அதாவது காவி, களிமண், ஆலிவ் பச்சை வகையறா, நம்பிக்கையாகத் தோன்றுபவை, அதனாலேயே ஏமாற்றுபவை. பான்டோனின் 2025 நிறமான மோக்கா மூஸ் நல்ல அடர் பழுப்பு போலத்தான் தெரிகிறது, மேலே வெள்ளையில் எழுதினால் கான்ட்ராஸ்ட் 4-ஐ எட்டவில்லை. தலைப்புக்குத் தேறும், பட்டனில் உள்ள சின்ன எழுத்துக்குத் தேறாது. விசித்திரம் என்னவென்றால் அதே பழுப்பில் கறுப்பு எழுத்து 5-ஐத் தாண்டிவிடுகிறது, ஆனால் அழுக்காகத் தெரிகிறது என்று சொல்லி யாரும் அதை ஏற்பதில்லை. அப்புறம் அந்தச் சிவப்பு வரி. செங்கல் நிறப் பக்கத்தில் பிழைச் செய்தி அலங்காரத்தோடு அலங்காரமாகக் கலந்துவிடும். சிவப்பு-பச்சை பிரித்தறியச் சிரமப்படுபவர்களுக்கு ஆலிவும் செங்கல்லும் ஒன்று போலவே இருக்கக்கூடும், ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவர் அப்படி. இந்தப் பாணியை எடுத்தால் பிழைக்கு ஒரு ஐகானும் சேர்த்தே ஆக வேண்டும்.

ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் கிரேடியன்ட்டை நான் போட்டிக்கே எடுக்கவில்லை, ஒரே வரி இடது ஓரத்தில் தேறி வலது ஓரத்தில் தோற்கும்.

கடைசியாக வெள்ளை, சாம்பல், கூடவே ஒரே ஒரு அழுத்தமான நிறம். சலிப்பூட்டும் தேர்வு என்பார்கள், 2026-க்குப் பான்டோனே கிளவுட் டான்சர் என்ற வெள்ளையைத் தேர்ந்தெடுத்திருப்பதால் இப்போது அப்படிச் சொல்லவும் வழியில்லை. பட்டன் ஒன்றே நிறத்தில் இருப்பதால் கண் நேராக அங்கே போகிறது, பிழைச் சிவப்புக்கும் போட்டியில்லை. சாம்பலை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்: வெள்ளையின் மேல் #767676 தேறுகிறது (4.54), #777777 தோற்கிறது (4.48). இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, கான்ட்ராஸ்ட் அளக்கும் செக்கருக்குத் தெரிகிறது. பெட்டிக்குள் வரும் "உங்கள் மின்னஞ்சல்" என்ற மங்கல் எழுத்தில்தான் பெரும்பாலும் இது கோட்டைவிடும்.

என் தேர்வு கேட்டால், படிவமும் படிப்பும் உள்ள எதற்கும் சாம்பல்தான். இசை, விளையாட்டு, கோடிங் சார்ந்த தளம் என்றால் இருட்டு, ஆனால் வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்து. பெரிய படங்கள் நிறைந்து எழுத்து குறைந்த பக்கத்துக்கு மண்நிறம் அருமை. பேஸ்டலைப் பின்னணிக்கு அனுப்பிவிடுவேன். அந்த லாவெண்டர் படிவத்தில் கடைசியில் செய்ததும் அதுதான்: லாவெண்டர் பக்கம் முழுக்கப் பரவிக்கொண்டது, பட்டன் அடர் ஊதாவாகி வெள்ளை எழுத்து ஏந்திக்கொண்டது. கிளையண்ட்டுக்கு அவருடைய நிறம் முன்னைவிட அதிகமாகவே கிடைத்தது, பட்டன் எப்போது ஆக்டிவ் ஆகும் என்று அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.