டானியா, ரூபியா?

கப்பல் வேலையிலிருந்து மண்டபம் திரும்பும் மச்சான் கேட்டார்: "போர்ட் என்கிற இனிப்பு ஒயினில் எது வாங்கி வர, டானியா, ரூபியா?" இரண்டும் போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்குச் சரக்குதான், ஆல்கஹால் சுமார் 20 சதவீதம், சின்ன கிளாஸ் போதும்.

சுவை: ரூபி நாவல்பழச் சிவப்பு, பழ இனிப்பு.
டானி மரப்பீப்பாயில் காற்று பட்டுப் பழுப்பேறியது. முகர்ந்தால் வறுத்த முந்திரி, அப்புறம் சாயல்குடிப் பக்கம் பாகு காய்ச்சும்போது எழுமே, அந்தக் கருப்பட்டி வாசம்.

விலை: ரூபி மலிவு. லேபிளில் வயது போடாத டானியும் ஏறக்குறைய அதே. '10 ஆண்டு' என்றிருந்தால் பர்ஸ் இளைக்கும்.

திறந்த பிறகு: ரூபி ஒரு வாரம், பத்து நாள். டானி ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். நம் புழுக்கத்துக்குக் குளிரவைத்தே குடிக்கலாம்.

நாலு பேர் ஒரே ராத்திரியில் காலி செய்வதென்றால் ரூபி சரி. நான் தனியாள், மெதுவாகக் குடிப்பவன். டானி என்று சொல்லிவிட்டேன்.